மயிலைச் சாட்சிக்கு இழுக்காதீங்க அத்தான்: வால்பாறை நாட்குறிப்பு

வியாழன்

மதுரையில் இருந்து வால்பாறைக்குப் போகிறவர்கள் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று போவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். வண்டியில் அத்தான், அக்கா, அவர்கள் மகள் யாழினி, நான். யாழினி விலங்கியல் கடைசி வருஷம். அத்தான் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் முழுக்க இந்த அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த வழக்குதான். மலையும் மேகமும் நடுநடுவே வந்து போனவை.

வழக்கு ஒட்டன்சத்திரம் தாண்டியதும் தொடங்கிவிட்டது. சாலையோரத் தக்காளித் தோட்டத்தில் ஒரு ஆண்மயில், தோகையை இழுத்துக்கொண்டு வரப்பில் ஏறி நின்றது. காலை வெயில் சாய்வாக விழ, கழுத்து நீலமாக இருந்து பச்சையாகி மறுபடி நீலமானது. அத்தான் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டார்.

"இதைப் பார்த்துட்டும் ஒருத்தன் கடவுள் இல்லைங்கான்னா அவன் கண்ணைத்தான் சோதிக்கணும். இம்புட்டு நிறம் தானா வருமா?"

தோட்டத்துக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நிறமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. நட்ட நாத்துல பாதியக் கொத்திப் போட்டுருச்சு. கல்லெடுத்து எறிஞ்சாக்கூடக் கேஸுங்கறாங்க." தேசியப் பறவை என்று 1963-ல் அறிவித்தாயிற்று, 1972-ன் வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பும் கொடுத்தாயிற்று. பாவம் அவர், யாரிடம் போய்ச் சொல்வார்?

காரில் ஏறியதும் யாழினி ஆரம்பித்தாள். மயில் தோகை டார்வினையே பாடாய்ப் படுத்தியிருக்கிறது என்றாள். 1860 ஏப்ரலில் ஏசா கிரே என்ற அமெரிக்கத் தாவரவியல் பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில், மயில் தோகையில் ஒரு இறகைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது என்று எழுதினாராம். காரணம் என்னவென்றால், பிழைக்க உதவுவதுதான் நிலைக்கும் என்பது அவருடைய கொள்கை, இந்தத் தோகையோ பறக்கவும் உதவாது, ஒளியவும் உதவாது. அந்த கிரே, ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற பக்தர், டார்வினுக்காக அமெரிக்காவில் வாதாடியவரும் அவர்தான். (இந்த இடத்தில் அத்தான் "பார்த்தியா" என்றார். எதைப் பார்க்கச் சொன்னார் என்று தெரியவில்லை.) பத்துப் பதினொரு வருஷம் யோசித்து 1871-ல் டார்வின் ஒரு விடை சொன்னார்: தலைமுறை தலைமுறையாகப் பெட்டைகள் நல்ல தோகை வைத்திருந்த ஆணையே தேர்ந்தெடுத்தன, தோகை வளர்ந்துகொண்டே போனது.

"பெட்டைக்குப் பிடிச்சதுனாலயா இம்புட்டும்?"

"ஆமாப்பா."

அத்தான் கொஞ்ச தூரம் பேசவில்லை. அப்புறம், "உங்கம்மாவுக்குப் பிடிச்சதுன்னு நானும் முப்பது வருஷமா மீசை வச்சிருக்கேன்" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். நான் சாமி கும்பிடுகிறவள். செவ்வாய், வெள்ளி விளக்கேற்றாமல் இருந்ததில்லை, பழனி அடிவாரத்தில் நின்று மலையைப் பார்த்ததும் கை தானாக மேலே போய்விட்டது. ஆனால் "இவ்வளவு அழகாக இருக்கிறதே, படைத்தவன் இல்லாமல் எப்படி?" என்ற அந்த வாதம் மட்டும் எனக்கு எப்போதும் தொண்டையில் இறங்காது. கும்பிடுகிறவர்களே இதைச் சந்தேகிக்கலாமா என்று அத்தான் கேட்டார். கும்பிடுகிறவர்கள்தான் சந்தேகிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், நம் பக்கத்து வக்கீல் சொதப்பினால் நமக்குத்தானே நஷ்டம்.

உடுமலைக்கு முன்னால் மின்கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கும்போது ஒரு அழுக்குப் பழுப்பு, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கம்பியை விட்டுக் கிளம்பியதும் இறக்கை விரிந்தது, அதில் இரண்டு விதமான நீலம், ஒன்று வெளிர், ஒன்று கருநீலம். அக்காவே "அடியாத்தீ" என்றாள். அந்த நீலத்தில் நீலச் சாயம் கிடையாது என்று யாழினி சொன்னது எனக்குப் புதுசு. இறகில் இருக்கிற கெரட்டின் பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்றுப் பைகள் நிறைந்திருக்கின்றன, அந்த அமைப்பில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் நீலம் மட்டும் தூக்கலாக வருகிறது. இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் போய்விடும். நம்ம திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், நோபல் பரிசு வாங்கிய பிறகு, 1934-ல் இதே பனங்காடையின் இறகுகளை எடுத்து வைத்துக்கொண்டு நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார். கடலின் நீலத்தை 1921-ல் கப்பலில் இருந்து பார்த்துக் கேள்வி கேட்டவர் அதோடு நிறுத்தவில்லை, பறவை இறகு, சிப்பி என்று நிறம் எங்கே இருந்தாலும் பின்னாலேயே போயிருக்கிறார்.

ஆழியாறு, சோதனைச் சாவடி, நாற்பது கொண்டை ஊசி வளைவு. அதைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அணையைப் பார்த்தோம், யாழினிக்கு அதற்கு மேல் தலைசுற்றல், பேச்சு இல்லை.

இரவு தங்கும் விடுதியில், அக்கா பழனியில் வாங்கிய மயிலிறகை எடுத்து வைத்து ஒரு வேலை செய்தோம். விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சை இறகுக்குப் பின்னால் பிடித்தோம். கண் மாதிரி இருக்கிற அந்த வட்டத்தில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை, வெறும் பழுப்பு. டார்ச்சை முன்பக்கம் கொண்டுவந்தால் அத்தனை நிறமும் திரும்பி வந்துவிடுகிறது. மெலனின் குச்சிகள், நம் தலைமுடியைக் கறுப்பாக்குகிற அதே பொருள், வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறதாம், அடுக்கின் இடைவெளி கொஞ்சம் மாறினால் நீலம் பச்சையாகிறது, இன்னும் மாறினால் தவிட்டு மஞ்சள். அத்தான் டார்ச்சை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார், குழந்தை மாதிரி. "அடுக்குனவன் யாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

வெள்ளி

இன்றைக்கு நான் கொஞ்சம் கோபப்பட்டேன்.

விடுதிக்கு வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. சரிவு சரிவாக, சீப்பு வைத்து வாரிய மாதிரி என்று எழுத வந்தேன், எழுதியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், விடுங்கள். நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள், ஒரு வளைவில் நெருப்பாகப் பூத்த ஆப்பிரிக்கன் டியூலிப், மேலே மேகம். அத்தான் படம் எடுத்தார், குடும்பக் குழுவில் போட்டார், கீழே "இறைவனின் கைவண்ணம்" என்று எழுதினார். அரை மணிக்குள் இருபது கும்பிடுகிற கைகள் வந்துவிட்டன.

அத்தான், அது இறைவனின் கைவண்ணம் இல்லை, எஸ்டேட்டின் கைவண்ணம் என்றேன். அந்த மலை 1890-கள் வரைக்கும் பெரும்பாலும் மழைக்காடு. மேலே வரும் வழியில் கவர்க்கல் பக்கம் ஒரு வெள்ளைக்காரருடைய சிலை இருக்கிறதே, கார்வர் மார்ஷ், அவரும் அவரைப் போன்ற தோட்டக்காரர்களும் வந்து வெட்டியது. அடுத்த சில பத்தாண்டுகளில் காட்டைக் கோடாலியாலும் தீயாலும் அழித்துக் காப்பி போட்டார்கள், தேயிலை போட்டார்கள். வெட்டியது யார்? கங்காணிகள் சமவெளியில் இருந்து, முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த நம்ம ஆட்கள். மலேரியாவில் செத்தவர்கள் எத்தனையோ பேர். தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாக வளரும், இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் வருஷக் கணக்கான கவாத்து. செடி வந்தது அசாமில் இருந்தும் சீனாவில் இருந்தும், சில்வர் ஓக் ஆஸ்திரேலியா, அந்தச் சிவப்புப் பூ பெயரிலேயே இருக்கிறது. அந்தப் படத்தில் இந்த மலைக்குச் சொந்தமானது என்று பார்த்தால் மேகமும் மண்ணும்தான்.

அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "செடியைப் படைச்சது யாரு, வெள்ளைக்காரனா?" என்றார். சரி, செடியை அவரே வைத்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்தது வேறு. அழகுதான் கடவுளின் கையெழுத்து என்று வாதாடுகிறவருக்கு அந்தக் கையெழுத்தை அடையாளம் தெரிய வேண்டும் இல்லையா? மனுஷன் கூலி கொடுத்தும் கொடுக்காமலும் செதுக்கிய ஒரு சரிவையும், யாரும் தொடாத காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நம்ம கண் தேயிலையைத்தான் முதலில் "ஆகா" என்கிறது. காடு இருட்டாக, குழப்பமாக, அட்டையோடு இருக்கும், அதைப் பார்த்து யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை. வங்கியில் இத்தனை வருஷம் கையெழுத்து சரிபார்த்தவர், இதை மட்டும் எப்படி விட்டார்?

விடுதியில் சமைக்கிற அம்மா, எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், மூன்றாம் தலைமுறையாக லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மத்தியானம் சாப்பாடு போடும்போது இந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்தது. "வர்றவங்க எல்லாரும் அழகு அழகுன்றாங்க. எனக்கு அந்தக் காட்டைப் பார்த்தா எந்த வரிசையில எம்புட்டுக் கிலோ எடுத்தோம்னுதான் நெனப்பு வரும்" என்றார். 'காடு' என்று அவர் சொன்னது தேயிலையைத்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்புறம் காலையில் மேகம் விலகும்போது பார்க்க நல்லாத்தான் இருக்கும், அதையும் இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார்.

மாலை நல்லமுடி காட்சிமுனை. எதிரே கேரளப் பக்கத்து மலைகள், ஆனைமுடி இருக்கிற திசை முழுக்க மூட்டம். ஒன்றும் தெரியவில்லை. சுண்டல் நன்றாக இருந்தது.

சனி

காலை ஆறு மணிக்கு யாழினி எல்லாரையும் எழுப்பிக் கூட்டிப்போனாள். எஸ்டேட்டுகளுக்கு நடுவே மிச்சம் விட்ட காட்டுத் துண்டுகள் வால்பாறையில் நிறைய உண்டு, அப்படி ஒன்றின் ஓரம், உள்ளூர்ப் பையன் ஒருவர் வழிகாட்ட, சாலையிலேயே நின்று பார்த்தோம். மாசி பங்குனி இருவாச்சி கூடு கட்டும் காலம், கிட்டப் போனால் ஆண் உணவு கொண்டுவராது, அதனால் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அத்தான் செல்போனைப் பையில் போட்டுவிட்டார், ஆச்சரியம்.

முதலில் சத்தம். ஈர வேட்டியை உதறுகிற மாதிரி, திரும்பத் திரும்ப, தலைக்கு மேலே. அப்புறம் மரத்தில் வந்து உட்கார்ந்தது. யாழினி தொலைநோக்கியை என்னிடம்தான் முதலில் கொடுத்தாள். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் இன்னொரு மஞ்சள் கொண்டை, சிவப்புக் கண், கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பட்டை, கழுத்து வெளிறிய மஞ்சள். மரப் பொந்தின் வாய் முழுக்கப் பூசி அடைத்திருந்தது, ஒரு கீறல் மட்டும் மிச்சம். பெட்டை உள்ளே தன்னைத்தானே அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும், ஆண் கொண்டுவந்து கொடுப்பதுதான் சாப்பாடு. இந்த ஆண் தொண்டையைக் குலுக்கி ஒரு அத்திப் பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்தது, கீறலுக்குள் நீட்டியது, உள்ளே இருந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. மறுபடி குலுக்கல், மறுபடி ஒரு பழம். எண்ணிக்கொண்டிருந்த அக்கா நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். கடைசியில் ஒரு பழம் கீழே விழுந்தது, ஆண் அதைத் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"அந்த மஞ்சள் இருக்கே, அதை எந்தப் பெயிண்டர்" என்று அத்தான் ஆரம்பிக்கும்போதே யாழினி சிரித்துவிட்டாள். அந்த மஞ்சள் பிறவி நிறம் இல்லை. வாலுக்கு மேலே ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, அதில் மஞ்சள் நிறமி கலந்த எண்ணெய் வரும், அதை அலகால் எடுத்து அலகு, கொண்டை, கழுத்து, இறக்கையின் வெள்ளை என்று தானே பூசிக்கொள்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டிய கழுத்து மஞ்சளாகத் தெரிவது அதனால்தான்.

"மஞ்சள் பூசிக் குளிக்கிறதா?" என்று அக்கா கேட்டாள். இதுவரை அவள் கேட்ட ஒரே அறிவியல் கேள்வி, அதற்குப் பதில் ஆமாம்.

அத்தான் இதில் தோற்றுப்போனதாக நினைக்கவில்லை. சுரப்பியைக் கொடுத்ததும் அவன்தான் என்றார். அப்படிச் சொல்ல ஆரம்பித்தால் எதையும் சொல்லலாம், அங்கேதான் எனக்கு இந்த வாதத்தில் பிடிப்பு விட்டுப்போகிறது. எது வந்தாலும் "அதையும் அவன்தான்" என்றால், வராமல் போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். பறவை கறுப்பாக இருந்திருந்தால் அந்தக் கறுப்பை வியந்திருப்போம். பக்தியாக இது சரி. சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் ஒரு குறுக்கு விசாரணை தாங்காது.

திரும்பும் வழியில் சோலைமந்திக் கூட்டம். ஊருக்குள் புதுத்தோட்டம் பக்கம் சாலையிலேயே திரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன், நாங்கள் பார்த்தது வெடிப்பலா மரத்தில். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான், அதுவும் சில ஆயிரங்கள்தான் மிச்சம். ஒரு தாய், குட்டி வயிற்றில் தொங்க, அந்த முள் காயை உடைத்துத் தின்றுகொண்டே எங்களை ஒரு பார்வை பார்த்தது, வங்கியில் கவுன்டர் மூடும் நேரத்தில் வந்தவர்களைப் பார்க்கிற பார்வை அது (அத்தான் சொன்னது, நான் இல்லை).

அந்த மரத்துக்குப் பக்கத்து மரங்களில் தளிர் விட்டிருந்தது. தளிர் என்றால் பச்சை இல்லை, செம்பு நிறம், சில மரத்தில் ரத்தச் சிவப்பு. இந்தக் காடுகளில் மாசி பங்குனியில் அப்படித்தான், தூரத்தில் இருந்து பார்த்தால் மரம் பூத்திருக்கிறது என்றே நினைப்போம். இளசான இலையை வெயில் கருக்காமல் காக்கவா, பூச்சி தின்னாமல் ஏமாற்றவா என்று தாவரவியல்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்களாம். யாழினி இங்கே ஒரு விஷயம் சொன்னாள், இந்தப் பயணத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான்.

அந்தச் சிவப்பு தெரிவது யாருக்கு? எங்கள் நாலு பேருக்கும் தெரிகிறது, அந்த மந்திக்கும் தெரிகிறது. இதே காட்டில் இருக்கிற யானைக்கு, சிறுத்தைக்கு, மானுக்குத் தெரியாது. பெரும்பாலான பாலூட்டிகளின் கண்ணில் நிறம் பிரிக்கிற கூம்பு செல்கள் இரண்டு வகைதான், குரங்கு வழியில் வந்த நமக்கு மூன்று. பச்சை இலைக் குவியலுக்குள் பழுத்த பழத்தையும் செந்தளிரையும் சட்டென்று கண்டுபிடித்த மூதாதைகள் நன்றாகச் சாப்பிட்டன, அந்தக் கண்தான் நமக்கு வந்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். புலியை எடுத்துக்கொள்ளுங்கள், நமக்கு அது நெருப்பு மாதிரி ஆரஞ்சு, படம் வரைந்து மாட்டுகிறோம். மானுக்கு அந்த ஆரஞ்சும் புல்லின் பச்சையும் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். மானுக்கு ஆரஞ்சு தெரிந்திருந்தால் புலி பட்டினி. பறவைக்கோ நம்மைவிட ஒரு வகைக் கூம்பு அதிகம். தேனீக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, ஆனால் நமக்குத் தெரியாத புற ஊதா தெரியும். ஃப்ரிஷ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி 1914-லேயே நிற அட்டைகளும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்துத் தேனீக்கு நிறம் தெரிகிறது என்று காட்டினார், 1973-ல் நோபல் கிடைத்தது. நமக்கு வெறும் மஞ்சளாகத் தெரிகிற எத்தனையோ பூவில் தேனீக்கு மட்டும் தெரிகிற கோலம் இருக்கிறது.

ஆக இந்தக் காட்டில் நடக்கிற நிற வியாபாரம் பெரும்பாலும் நம்மை வைத்து நடப்பது இல்லை. மயில் பெட்டைக்கு, பூ பூச்சிக்கு, பழம் பறவைக்கு. நாம் போகிற போக்கில் எட்டிப் பார்க்கிறவர்கள், அதுவும் பாதி தெரியாமல். எனக்கு இதைக் கேட்டதும் வருத்தம் வரவில்லை, சொல்லப்போனால் ஒரு நிம்மதி. "எல்லாம் உனக்காக" என்று சொல்கிற ஒரு சாமியை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, நம்மிடம் ஓட்டுக் கேட்க வந்த மாதிரி இருக்கும்.

ஞாயிறு

கிளம்பும் நாள் என்பதால் தோட்டத்திலேயே உட்கார்ந்திருந்தோம். சமையல் அம்மா வைத்த கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி இரண்டு பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கை, பின் இறக்கையில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்பு. யாழினி அவற்றைப் பார்த்ததும் அத்தானைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள், எனக்கே பாவமாக இருந்தது.

அந்தச் சிவப்பு பொய்யாம். ஆடுதீண்டாப்பாளை, பெருமருந்து மாதிரி நச்சுக் கொடிகளைத் தின்று வளர்கிற ஒரு வகை அழகிப் பட்டாம்பூச்சி உண்டு, அதன் உடம்பில் நஞ்சு, ஒரு தடவை தின்ற பறவை மறுபடி தொடாது. இந்தக் கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சிக்கு நஞ்சு கிடையாது, ஆனால் அதன் பெட்டைகளில் சில அச்சு அசலாக அந்த நச்சுக்காரி வேஷத்தில் பிறக்கின்றன, பறவை பயந்து விட்டுவிடுகிறது. டார்வின் காலத்து இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸ் 1865-லேயே இதை எழுதியிருக்கிறார், எந்த மரபணு இந்த வேஷத்தை மாற்றுகிறது என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். அதே மரத்தில் அதன் புழு ஒன்றையும் காட்டினாள், சின்னது, பார்த்தால் காக்கா எச்சம். தற்காப்புக்குத்தான் அதுவும்.

"எச்சமும் அவன் படைப்புதான்" என்று அத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இன்னொரு புழு, அசையாமல், முதுகு முழுக்க அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள். ஒட்டுண்ணிக் குளவியின் வேலை. உயிரோடு இருக்கிற புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் உள்ளே இருந்து தின்றுகொண்டே வெளியே வரும். டார்வின் அதே கிரேக்கு, அடுத்த மாதமே எழுதிய இன்னொரு கடிதத்தில் இந்தக் குளவிகளைச் சொல்லித்தான் கேட்கிறார், கருணையும் வல்லமையும் உள்ள ஒரு கடவுள் வேண்டுமென்றே இவற்றைப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று. மயிலை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டால் எதிர்த்தரப்பு இந்தப் புழுவைக் கூப்பிடும். கூப்பிடத்தானே செய்யும்?

அக்கா அந்த இலையைப் பறித்து எறியப் போனாள், யாழினி தடுத்துவிட்டாள்.

அத்தானுக்கு ஆறுதலாக ஒரு ஆளை நான் தேடி வைத்திருந்தேன். ஷ்ப்ரெங்கல் என்று ஒரு ஜெர்மன் பள்ளி ஆசிரியர், இறையியல் படித்தவர். 1787-ல் ஒரு காட்டுப் பூவின் இதழ் அடியில் மெல்லிய முடிகள் இருப்பதைப் பார்க்கிறார். ஞானமுள்ள படைப்பாளி ஒரு முடியைக்கூடக் காரணம் இல்லாமல் படைத்திருக்க மாட்டார், அப்படியானால் இந்த முடி எதற்கு என்று கேட்டுக்கொள்கிறார். மழை நீர் தேனில் கலக்காமல் காக்க. தேன் எதற்கு? பூச்சிக்கு. பூவின் நிறமும் கோடும் எதற்கு? பூச்சிக்கு வழி காட்ட. 1793-ல் புத்தகமாகப் போட்டார், அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் மதிக்கவில்லை, பின்னால் அதைப் படித்துக் கொண்டாடியவர் டார்வின். பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள கணக்கை இப்படி விலாவாரியாக முதலில் பார்த்தவர் ஒரு பக்தர், பக்தியால்தான் பார்த்தார்.

இதில் இன்னொரு வேடிக்கை. தேனே இல்லாமல் தேன் இருப்பது போலக் காட்டிப் பூச்சியை ஏமாற்றுகிற ஆர்க்கிட் பூக்கள் உண்டு என்பதையும் ஷ்ப்ரெங்கல்தான் கண்டுபிடித்தார். டார்வின் இதை நம்ப மறுத்துவிட்டார், இவ்வளவு பெரிய மோசடி எப்படி நிலைக்கும் என்று. பக்தருக்கு இயற்கை ஏமாற்றும் என்று ஒப்புக்கொள்வதில் சிரமம் இல்லை, டார்வினுக்குத்தான் சிரமம். ஷ்ப்ரெங்கல் சொன்னதுதான் சரி. இதைக் கேட்டு அத்தான் தொடையில் தட்டிச் சிரித்தார்.

கருமலை பாலாஜி கோயிலுக்குப் போய்விட்டுக் கீழே இறங்கலாம் என்று அக்கா முடிவு செய்திருந்தாள். தேயிலைக்கு நடுவே சுத்தமான கோயில். தரிசனம் முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தபோது அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"சரி, மயில் பெட்டைக்கு. பூ பூச்சிக்கு. இருவாச்சி பொண்டாட்டிக்கு. ஒத்துக்கறேன். நேத்து சாயங்காலம் அந்தப் பக்கம் மேகம் செவந்து கெடந்துச்சே, அது யாருக்கு? அதைப் பார்த்து எவனும் ஜோடி சேரப் போறதில்லை, தேன் குடிக்கப் போறதில்லை. அதுபாட்டுக்கு நிக்குது. அது ஏன் எனக்குப் பிடிக்கணும்? அதனால எனக்கு என்ன லாபம்?"

மேகம் ஏன் சிவக்கிறது என்பதற்கு யாழினியிடம் பதில் இருந்தது: சாயங்கால வெளிச்சம் காற்றில் நெடுந்தூரம் வர, நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. ஏன் பிடிக்கிறது என்பதற்கு அவளும் இழுத்தாள். நிறம் பார்க்கிற கண் பழம் தேடக் கிடைத்தது, அதையே மேகத்துக்கும் பயன்படுத்துகிறோம் என்றாள். "மேகம் பழம் இல்லையே" என்றார் அத்தான். அது சரிதான்.

எனக்கு வியாழக்கிழமையில் இருந்து அவர் கேட்டதிலேயே இதுதான் பிடித்திருந்தது, சொல்லவும் செய்தேன். மயில் தோகையை யார் வரைந்தார் என்று கேட்டால் பெட்டை மயில் என்று விடை வந்துவிட்டது. பார்க்கிறவனுக்குள் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் கேட்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் அதையும் தூக்கிக்கொண்டு போய் நிரூபணம் என்று நீதிமன்றத்தில் நீட்டாதீர்கள் அத்தான், நாளைக்கு யாராவது ஒரு யாழினி விடை கண்டுபிடித்துவிட்டால் உங்கள் சாமியும் சேர்ந்து வெளியே வர வேண்டியிருக்கும் என்றேன். தன் அத்தனை ஆராய்ச்சியிலும் அழகைத் தேடியவர் ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர், நட்சத்திரங்களின் கணக்குக்காக 1983-ல் நோபல் வாங்கியவர், அவர் தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். நான் அழகைப் பார்க்காத நாளிலும் விளக்கேற்றுகிறேன். கரண்ட் இல்லாமல், மழை ஒழுகி, பாத்திரம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த ராத்திரியிலும் ஏற்றியிருக்கிறேன்.

"அப்ப நீ எதுக்குத்தான் கும்பிடுறே?"

"பழக்கம் அத்தான். பயமும் உண்டு. நன்றி சொல்ல ஆள் வேண்டியிருக்கு."

"அதைத்தான நானும் சொல்றேன்."

"இல்லை, நீங்க வேற சொல்றீங்க" என்றாள் யாழினி. மறுபடி ஆரம்பித்துவிட்டது, அக்கா எழுந்து வண்டிக்குப் போய்விட்டாள்.

இறங்கும்போது வளைவு ஒவ்வொன்றிலும் குறிஞ்சிப் பேச்சு. மூணாறு பக்கம் 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. பன்னிரண்டு வருஷம் சும்மா இருந்து ஒரே சமயத்தில் பூத்து, விதை விட்டுச் சாகிறது, தின்கிறவை தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை கொட்டுவதற்காக இருக்கலாம் என்றாள் யாழினி. அத்தான் உடனே, 2030-ல் இரவிகுளம், எல்லாரும் வர்றீங்க, மிச்சத்தை அங்க பேசிக்கலாம் என்றார். மிச்சம் பேசுவது இருக்கட்டும், அந்த வருஷம் மூணாறில் ரூம் கிடைக்காது, 2029-லேயே போட்டுவிட வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.